சுறாவுக்கு கூனி போட்ட ஊர்: ஒஸ்லோப் முனிசிபாலிட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

பிலிப்பைன்ஸ்ல செபு மாகாணம், அதோட தெக்கு முனைக்கு கிட்ட ஒஸ்லோப்னு ஒரு சின்ன கடலோர முனிசிபாலிட்டி. 2011 கடைசியில இருந்து அங்க திமிங்கலச் சுறாவுக்கு (நம்ம மீனவங்க அம்மணி உழுவைனு சொல்ற அதே மீன்தான்) கையால தீனி போட்டு டூரிஸ்ட்டுக்கு காட்டுறாங்க. ஏழை மீனவ ஊர் ஒண்ணு ஒரே வருஷத்துல உலகம் பூரா தெரியுற இடமாச்சு, கூடவே விஞ்ஞானிகள் கிட்ட திட்டும் வாங்குச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எந்த கட்டத்துல யார் என்ன முடிவு எடுத்தாங்க, அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுனு வரிசையா எழுதி வைக்கிறேன், கடலோர ஊர்ல டூரிசம் வேலை பாக்குறவங்களுக்கு உதவும். எல்லாம் பொதுவுல பதிவான விஷயங்கள்தான், ஆட்கள் பேரு மட்டும் எங்கயும் போடல.

ஊர் எப்படிப்பட்டது

செபு சிட்டியில இருந்து தெக்க சுமார் 120 கிலோமீட்டர், பஸ்ல போனா மூணு நாலு மணி நேரம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ஒரே ஒரு மெயின் ரோடு, அதை ஒட்டியே வீடுங்க. முனிசிபாலிட்டின்னதும் நம்ம ஊர் நகராட்சி மாதிரி நெனச்சிடக்கூடாது, அங்க அது பல கிராமங்கள் சேர்ந்த ஒரு நிர்வாகப் பகுதி, அந்த கிராமங்களுக்கு பரங்கைனு பேரு, ஒஸ்லோப்ல அப்படி 21 இருக்கு. டவுன்ல கடல் ஓரமா பவளக்கல்லுல கட்டின ஸ்பானிஷ் காலத்து படைவீடு ஒண்ணு நிக்குது, அமெரிக்கர்கள் வந்ததும் வேலை பாதியில நின்னது, இன்னைக்கும் கூரை இல்லாம சுவர் மட்டும் இருக்கு. 2011 வரைக்கும் வெளியாள் வந்து பாக்கணும்னா அந்த சுவர், பழைய சர்ச், மலையில ஒரு அருவி, அவ்ளோதான்.

வேலைன்னு பாத்தா மீன்பிடி, கொஞ்சம் சோளம், தென்னை. நம்ம கதை நடக்குற பரங்கை பேரு தான்-அவான், டவுனுக்கு தெக்க இருக்கு. அங்க மீனவங்க துடுப்பு போடுற சின்ன பங்காவுல போவாங்க, ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டை கட்டின குறுகலான படகு அது. டூரிசம் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு நாள் வருமானம் ஒன்றரை டாலர் கூட தேறலனு பின்னாடி வந்த ஒரு ஆய்வுல எழுதியிருக்காங்க, பத்து பன்னெண்டு மணி நேரம் கடல்ல கிடந்தா ரெண்டு கிலோ மீன் கெடைக்கும். இந்த கணக்க மனசுல வெச்சுட்டு மிச்சத்த படிக்கணும், இல்லன்னா அவங்க எடுத்த முடிவு எல்லாமே பேராசையா மட்டும்தான் தெரியும்.

முன்கதை: சுமிலோன், 1974 முதல் 1984 வரை

இந்த ஊருக்கு கடல் பாதுகாப்பு புதுசு இல்ல, சொல்லப்போனா நாட்டுலயே முன்னோடி. தான்-அவான் கரையில நின்னா எதிர்ல தெரியுற குட்டித் தீவு சுமிலோன், மொத்தமே 24 ஹெக்டேர். 1974ல துமகெத்தே நகரத்துல இருக்குற சில்லிமான் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒஸ்லோப் நிர்வாகத்தோட பேசி தீவை சுத்தி இருக்குற பவளப்பாறையில கால்வாசிய மீன்பிடிக்கு மூடினாங்க. மிச்ச முக்கால்வாசியில வழக்கம்போல பிடிக்கலாம். மூடின பக்கம் மீன் பெருகி வெளிய வழியும், வெளிய பிடிக்கிறவனுக்கும் லாபம்னு கணக்கு.

கணக்கு பலிச்சுது. 1983-84ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு வருஷத்துக்கு 36.9 டன் மீன் எடுத்தாங்க, பவளப்பாறைக்கு அது ரொம்ப நல்ல அளவு. ஆனா அதுக்குள்ள உள்ளூர் அரசியல் மாறிடுச்சு, புதுசா வந்தவங்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கல, பல்கலைக்கழகத்துக்காரன் நம்ம கடல பூட்டி வெச்சிருக்கான்னு பேச்சு. 1984ல காவல் சுத்தமா விழுந்துச்சு. முரோ-அமினு ஒரு முறை இருக்கு, ஆளுங்க கயித்துல கல்லு கட்டி பாறைய தட்டித் தட்டி மீன வலைக்குள்ள விரட்டுவாங்க, அது வந்துச்சு, வெடியும் வந்துச்சு. 1985-86ல எடுத்த மீன் 19.9 டன். பத்து வருஷம் கட்டிக் காத்தது ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட பாதியா போச்சு.

சுமிலோன் கதைய இங்க இழுக்கக் காரணம் இருக்கு. காவலுக்குப் பலன் வந்துச்சு, ஆனா அந்த பலன் யார் வீட்டுக்கு எவ்ளோ போகுதுனு எழுத்துல எதுவும் இல்ல, அதனால விழும்போது அதுக்காக சண்டை போட ஊர்ல போதுமான ஆள் இல்லாம போச்சுன்னு நான் பாக்குறேன். 2012ல இதே முனிசிபாலிட்டி அதுக்கு நேர் எதிரா செஞ்சுச்சு.

2011: எப்படி ஆரம்பிச்சது

திமிங்கலச் சுறா அந்த கடலுக்கு புதுசு இல்ல. அங்க அதுக்கு பேரு துக்கி. 1990கள்ல பக்கத்து போஹோல் மாகாணத்து பமிலாக்கான் தீவுல அதை கொக்கி போட்டு வேட்டையாடி கறி தைவானுக்கு போச்சு, 1998ல நாடு முழுக்க தடை வந்ததும் நின்னுச்சு. தான்-அவான்காரங்களுக்கு அது வேட்டை மிருகமும் இல்ல, சாமியும் இல்ல, வெறும் தொல்லை. உயாப்னு ஒரு பொடி இறால், நம்ம கூனி மாதிரி, அதை தூண்டில் போடுற இடத்துல இரையா தூவுவாங்க, வாசத்துக்கு இந்த பெரிய மீன் வந்து படகுக்கு அடியிலயே நிக்கும், வேற மீன் எதுவும் கிட்ட வராது. அதனால யாராவது ஒருத்தர் கொஞ்சம் உயாப்ப தள்ளித் தள்ளிப் போட்டு அதை அந்தப் பக்கம் கூட்டிட்டு போவாரு, மத்தவங்க நிம்மதியா பிடிப்பாங்க.

தொல்லைய தள்ளிவிட கண்டுபிடிச்ச வழி, ஆள் பாக்க கூட்டிட்டு வர்ற வழியா மாறிச்சு. வெளியூர்க்காரங்க சிலர் பாத்துட்டு காசு குடுத்து மறுபடி காட்டச் சொன்னாங்க. 2011 கடைசியில ஒரு மீனவர் படகு ஓரமா கைய நீட்ட, கீழ இருந்து அவ்ளோ பெரிய வாய் திறந்து வர்ற படங்கள் இன்டர்நெட்ல பரவிச்சு, அதோட கதை ஊர் கைய விட்டு போயிடுச்சு. 2012 ஆரம்பத்துல ரோட்டோரம் பூரா வேன். யார் படகு எடுக்கணும், யார் காசு வாங்கணும், எவ்ளோ வாங்கணும், எதுக்கும் விதி இல்ல.

2012: முனிசிபாலிட்டி எடுத்த முடிவு

பிலிப்பைன்ஸ் சட்டப்படி கரையில இருந்து 15 கிலோமீட்டர் வரைக்கும் கடல் அந்தந்த முனிசிபாலிட்டியோட பொறுப்பு, 1991 உள்ளாட்சி சட்டத்துல இருந்தே அப்படித்தான். மணிலாவ கேட்டுட்டு இருக்க வேண்டாம், ஊர் கவுன்சிலே சட்டம் போடலாம். 2012ல போட்டாங்க.

அதோட முதுகெலும்பு வருமானப் பங்கு. டிக்கெட் காசுல 60 சதவீதம் மீனவர் சங்கத்துக்கு, 30 முனிசிபாலிட்டிக்கு, 10 பரங்கைக்கு. தான்-அவான் மீனவங்களே சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம் அது, 170 சொச்சம் பேரு, பேர்லயே கடல் காவலர்னு இருக்கும். அப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு படகுல உக்காந்து பாக்க 500 பெசோ, தண்ணில இறங்க 1000 பெசோ, உள்ளூர்க்காரங்களுக்கு அதைவிட கம்மி. ஒரு முறைக்கு அரை மணி நேரம். தொடக்கூடாது, பிளாஷ் அடிக்கக்கூடாது, சன்ஸ்கிரீன் பூசிட்டு இறங்கக்கூடாது, சில மீட்டர் தள்ளியே நிக்கணும், அந்த இடத்துக்குள்ள மோட்டார் படகு வரக்கூடாது, தீனி போடுறது சங்கத்து ஆளுங்க மட்டும், மதியத்தோட மூடிடணும்.

ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை பேர இறக்கலாம்னு ஒரு உச்சவரம்பு ஆரம்பத்துல இல்ல. இந்த ஒரு வரி இல்லாதது பின்னாடி பெரிய விஷயம் ஆச்சு.

ஏன் அப்படி முடிவு பண்ணாங்க

கவுன்சில் இடத்துல நின்னு பாத்தா காரணம் புரியுது. கூட்டம் ஏற்கனவே வாசல்ல நிக்குது. தீனி வேணாம்னு சொன்னா சுறா வருமா வராதா யாருக்கும் உத்தரவாதம் இல்ல, அதே நேரம் ஊர்ல இருக்குறவன் ரெண்டு கிலோ மீனுக்கு நாள் பூரா கடல்ல கிடக்குறான். வெளியூர் ஓட்டல்காரன் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டு போறதுக்கு முன்னாடி உள்ளூர் மீனவனுக்கு பெரும்பங்கு எழுதி வெக்கணும்ங்கறதுதான் அவசரம். அதை சரியா செஞ்சாங்கன்னுதான் நான் சொல்லுவேன். உலகத்துல எத்தனையோ இடத்துல மீனவன் டூரிஸ்ட் படகு ஓட்டுற கூலியா போனதுதான் நடந்திருக்கு, இங்க கவுன்ட்டர் காசுல அறுபது சதவீதம் அவனோடது.

நாட்டு சட்டமும் தடுக்கல. 1998 தடை பிடிக்கிறது, விக்கிறது, கொல்றது பத்தி பேசுச்சு. தீனி போட்டு காட்டுறத அப்ப யாரும் யோசிக்கவே இல்ல.

ஆராய்ச்சியாளர்கள் அப்பவே எதிர்ப்பு சொன்னாங்க. கடல்ல பெரிய உயிரினங்கள ஆராயுற ஒரு குழு 2012லயே தான்-அவான்ல வந்து உக்காந்து தினமும் தண்ணில இறங்கி கணக்கு எடுக்க ஆரம்பிச்சாங்க. நிறுத்துங்கன்னு அவங்களும், நிறுத்த முடியாதுன்னு ஊரும் இருந்தாலும் ஒரே கடல்ல ரெண்டு பேரும் வருஷக்கணக்கா வேலை பாத்தாங்க, அதனாலதான் இவ்ளோ தகவல் இருக்கு.

கடல்ல என்ன பாத்தாங்க

ஒரு காலை எப்படி இருக்கும்னு சொல்றேன். விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல கியூ, கையில நம்பர் சீட்டு. ஆறு மணிக்கு படகுங்க கரைக்கு பக்கத்துலயே ஒரு கயித்து வரிசையில நிக்கும், ஒவ்வொண்ணுலயும் லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளுங்க. தீனி போடுறவர் தனியா ஒரு ஆள் படகுல வருவாரு, ஒரு கையில துடுப்பு, இன்னொரு கையில உயாப், சிட்டிகை சிட்டிகையா தண்ணில விடுவாரு. சுறா அவர் படகு பின்னாடியே வாய மேல வெச்சு நகரும், அவர் நின்னா அதுவும் நின்னு, உடம்ப நேர் குத்தா தொங்கவிட்டு, தலைய தண்ணி மட்டத்துல வெச்சுக்கிட்டு உறிஞ்சும். அவர் டூரிஸ்ட் வரிசைய ஒட்டி போவாரு, மீனும் போகும். அஞ்சாறு மீட்டர் நீள உயிர் ஒண்ணு ஒரு பிடி கூனிக்காக படகு படகா பின்னாடி போறத பாத்து சிலிர்த்துப் போறவங்களும் உண்டு, மனசு சங்கடப்பட்டு திரும்பி வர்றவங்களும் உண்டு.

அந்த மீனோட செவுளுக்குப் பின்னாடி இருக்குற வெள்ளைப் புள்ளிங்க ஒவ்வொண்ணுக்கும் தனி, நம்ம கைரேகை மாதிரி, போட்டோ எடுத்தா இது எந்த மீன்னு சொல்லிடலாம். அப்படி மொதல் ரெண்டு வருஷத்துக்குள்ளயே 158 தனித்தனி சுறாவ அடையாளம் கண்டாங்க. பத்துல எட்டு ஆண், பெரும்பாலும் இன்னும் வயசுக்கு வராத குட்டிங்க. சாதாரணமா ஒரு இடத்துல கொஞ்ச நாள் தின்னுட்டு கிளம்பிடுற ஜாதி, ஆனா இங்க சிலது மாசக்கணக்கா, ஒண்ணு ரெண்டு சுறா வருஷம் பூராவே தங்கிடுச்சு.

அப்புறம் தழும்பு. நெறைய சுறா உடம்புல படகு, கயிறு, ப்ரொப்பெல்லர் பட்ட காயம். காட்சி நடக்குற இடத்துல மோட்டாருக்கு தடைதான், ஆனா படகுன்னா சாப்பாடுன்னு கத்துக்கிட்ட மீன் அந்த இடத்த விட்டு வெளிய போனதும் எந்த படகுன்னு பாக்குமா? இங்க அடையாளம் கண்ட சில சுறாக்கள தெற்கு லெய்த்தே மாகாணத்து பக்கமும் பாத்திருக்காங்க, அங்க தீனி கெடையாது, இங்க கத்துக்கிட்ட பழக்கத்தோடதான் அங்கயும் போகுது. மேல்மட்டத்து சூடு தண்ணியில மணிக்கணக்கா நிக்கிறதும் அதோட உடம்புக்கு செலவுதான், ஆழத்துல குளிர்ச்சியான தண்ணிக்கு போய் வர்ற உயிர் அது.

தூரம் காக்குற விதி எழுத்தோட சரி. ஆய்வு செஞ்ச நாட்கள்ல பெரும்பாலான நேரம் அது மீறப்பட்டுச்சு, அதுவும் வருஷம் போகப்போக மோசமாச்சு. டூரிஸ்ட்ட மட்டும் குத்தம் சொல்ல முடியாது, சின்ன இடத்துல அத்தனை பேர இறக்கிட்டு சுறாவையும் அவங்க மூக்குக்கு நேரா கொண்டு வந்தா யார் எங்க நகர்றது. கீழ இருக்குற பவளப்பாறையும் அடி வாங்குச்சு. பக்கத்துல டூரிசம் இல்லாத பாறையோட ஒப்பிட்டு 2019ல வந்த ஆய்வுல தான்-அவான் பக்கம் பவளத்தோட வகை கம்மி, பாசி அதிகம்னு வந்துச்சு.

கரையில என்ன ஆச்சு

இந்தப் பக்கத்தையும் அதே அளவு நேர்மையா எழுதணும். ஒன்றரை டாலர் கூட தேறாத ஆளுக்கு ஒரு நாள் வருமானம் 60 டாலர் வரைக்கும் போச்சுனு அதே ஆய்வு சொல்லுது. தினமும் கடலுக்கு போறத அவங்க வெகுவா குறைச்சுட்டாங்க, அதனால மத்த மீனுக்கு கொஞ்சம் மூச்சு விட இடம் கெடைச்சுது, சுமிலோன்ல பாறைய தட்டின காலத்த யோசிச்சா இது சின்ன மாற்றம் இல்ல. முனிசிபாலிட்டி பங்குல இருந்து கடல் ரோந்துக்கு காசு போச்சு. ரோடு ஓரம் தங்குமிடம், சாப்பாட்டுக்கடை, வேன் சர்வீஸ்னு சங்கத்துல இல்லாத ஆளுங்களுக்கும் பொழப்பு. திமிங்கலச் சுறா மேல கைய வெச்சா ஊரே சண்டைக்கு வரும்ங்கற நிலைமை. பமிலாக்கான் வேட்டை நின்னு பதினாலு வருஷம்தான் ஆகியிருந்துச்சுங்கறத மறந்துடக்கூடாது.

ஆனா பணம் வர வர கூட்டமும் வந்துச்சு. உச்ச சீசன்ல ஒரு காலைக்கே ஆயிரத்துக்கு மேல ஆளுங்க. 2016ல சர்வதேச பட்டியல்ல இந்த மீன் அழியும் அபாயம்ங்கற நிலைக்கு ஏறின பிறகும் கவுன்ட்டர்ல கூட்டம் குறையல. குறைக்கணும்னு யாராவது எழுந்து சொன்னா அது 170 வீட்டோட சம்பளத்த வெட்டுன்னு சொல்றதுக்கு சமம், மொத்த டிக்கெட்ல சதவீதமா பங்கு எழுதினதோட விளைவு இது. ஆள் கூடினா ஒவ்வொருத்தர் பங்கும் கூடும், குறைஞ்சா எல்லாருக்கும் ஒண்ணா குறையும். ஆள கம்மியா இறக்கினா லாபம்னு சொல்ல ஊருக்குள்ள ஒருத்தர் கூட மிஞ்சல.

2020க்கு அப்புறம்

2020 மார்ச்ல லாக்டவுன். ஒரே ஒரு மீன நம்பி நின்ன ஊருக்கு வருமானம் சட்டுனு நின்னுச்சு. அந்த வருஷத்துலயே மத்தியில நாலு துறைங்க சேர்ந்து கடல் உயிரினங்களோட டூரிசம் எப்படி நடக்கணும்னு ஒரு கூட்டு சுற்றறிக்கை விட்டாங்க, அதுல தீனி போடக்கூடாதுன்னு வந்துச்சு. 2021 டிசம்பர் 16ல ஒடெட் புயல் செபுவோட தெக்குப் பக்கத்த புரட்டிப் போட்டுச்சு.

மூணு அடி வாங்கியும் கூட்டம் திரும்ப வந்ததும் உயாப்பும் திரும்ப வந்துச்சு. சுற்றறிக்கை மணிலாவுல இருக்கு, கடல் முனிசிபாலிட்டி கையில இருக்கு. காசில்லாம கிடந்த ஊர்கிட்ட அந்த நேரம் பாத்து இத நிறுத்துங்கன்னு சொன்னா யார்தான் கேப்பாங்க.

வேற மாதிரி செஞ்ச ஊர்

லுசோன் தீவு தெக்கு கோடியில சோர்சோகோன் மாகாணத்துல டோன்சோல்னு இன்னொரு ஏழை முனிசிபாலிட்டி, 1998லயே திமிங்கலச் சுறா டூரிசம் ஆரம்பிச்சாங்க. அங்க தீனி இல்ல. படகு கடல்ல தேடிப் போகும், பயிற்சி எடுத்த உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட வருவாரு, ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஆறு பேர்தான் இறங்கலாம். அதோட விலையும் இருக்கு. சீசன் இருந்தாத்தான் பொழப்பு, சில வருஷம் சுறா வரத்தே கம்மி, அந்த வருஷம் ஊர் தவிக்கும். ஒஸ்லோப்ல காலை எட்டு மணிக்கு நிச்சயம் பாக்கலாம்னு ஆன பிறகு டூரிஸ்ட் டோன்சோலுக்கு போய் ரெண்டு நாள் காத்திருப்பானா? டோன்சோல சும்மா முன்மாதிரின்னு பாராட்டிட்டு போறவங்க இந்த கணக்கையும் சேர்த்து சொல்லணும்.

என்ன மாத்தியிருக்கலாம்

தீனிய 2012லயே தடை பண்ணியிருக்கணும்னு சொல்றது சுலபம், ஆனா அன்னைக்கு இருந்த நிலைமையில அது நடந்திருக்காதுன்னுதான் தோணுது. நடக்கக்கூடியதா நான் பாக்குறது மூணு.

ஒண்ணு, பங்கு எழுதின அதே சட்டத்துல தினசரி ஆள் கணக்குக்கு ஒரு உச்சவரம்பும் எழுதியிருக்கணும், அதுவும் மொதல் வருஷமே. அன்னைக்கு கொஞ்சமா வருமானம் இருந்தப்போ வரம்பு போட்டிருந்தா யாருக்கும் நஷ்டமா தெரிஞ்சிருக்காது, டிக்கெட் விலைய ஏத்தி அதே காசு பாத்திருக்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு போட்டா அது வெட்டு.

ரெண்டு, 60-30-10 பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பங்க எடுத்து தனியா வெச்சிருக்கணும், கூட்டம் இல்லாத மாசத்துக்கும், தீனிய படிப்படியா குறைக்கிற நாட்கள்ல மீனவங்களுக்கு குடுக்கவும். அப்படி ஒரு நிதி இருந்திருந்தா 2020 லாக்டவுன் காலம்தான் தீனி இல்லாம சுறா எவ்ளோ வருதுனு சோதிச்சுப் பாக்க நல்ல நேரம், பாறைக்கும் ஓய்வு. காசு இல்லாதவன் கிட்ட சோதனைன்னு போய் நிக்க முடியாது.

மூணு, ஆராய்ச்சிக் குழு எடுத்த கணக்குக்கு சட்டத்துல ஒரு இடம் குடுத்திருக்கணும். புதுசா தழும்பு இத்தனைய தாண்டினா இத்தனை நாள் மூடணும், பாறையில பாசி இந்த அளவு வந்தா படகு கட்டுற இடத்த மாத்தணும், இப்படி. எதிர்ப்பு சொல்றவங்க எதிர்ப்பாளராவே வெளிய நின்னுட்டாங்க, தினமும் பக்கத்துல மிதந்துக்கிட்டு எடுத்த கணக்கு எதுக்கும் ஊரோட முடிவ மாத்துற அதிகாரம் இல்ல.

இதுல மொதல் மாற்றத்த இன்னைக்கு போடணும்னாலும் கவுன்சில் மட்டும் போதும், வேற எந்த அனுமதியும் தேவையில்ல. டிக்கெட்ல 30 சதவீதம் போறதும் அதே கவுன்சில் நடத்துற முனிசிபாலிட்டிக்குத்தான், அதனால சங்கத்துக்காரங்கள ஒத்துக்க வெக்கிறதுக்கு முன்னாடி அவங்க தங்களோட பட்ஜெட்ட உக்காந்து திருப்பி எழுதணும். வேற ஊர்ல இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கிறவங்க கிட்ட கேட்டா, மொதல் டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாடி அந்த பட்ஜெட் பக்கத்தத்தான் பாக்கச் சொல்லுவேன்.